பழுது பார்ப்பவனின் வரைபடம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் பல காலம் வரைபடம் தரையில்தான் கிடந்தது. சேசிஸ் வந்து நிற்கும். மேஸ்திரி அதை ஒருமுறை சுற்றி வருவார். டேப்பை இழுத்து அளவெடுத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். குறுக்குச் சட்டம் எங்கே, பக்கப் பலகைக்கு எத்தனை கால், பின்கதவின் கொண்டி எந்த உயரத்தில் என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடும். வண்டி முடிந்து வெளியே போனபின் தரையைக் கூட்டினால் வரைபடமும் குப்பையோடு போய்விடும். அடுத்த வண்டிக்கு அவர் மறுபடி போடுவார், அளவு பிசகாது.

சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்கள் பெரும்பாலும் இப்படி வளர்ந்தவை. லாரிக்கு நாமக்கல்லும் சங்ககிரியும், போர்வெல் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, ஜவ்வரிசி ஆலைக்கு சேலமும் ஆத்தூர்ப் பக்கமும், விசைத்தறிக்குப் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் என்று ஊருக்கொரு பெயர். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நிற்பவை சின்னச் சின்ன லேத்துப் பட்டறைகள். எங்கிருந்தோ ஒரு மிஷின் வரும். கெட்டுப் போகும். கம்பெனிக்காரர் வந்து சேர நாளாகும். உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுமையிழந்து அதைக் கழற்றுவார். கழற்றிய கையோடு அது எப்படி ஓடுகிறது என்பதும் பிடிபட்டுவிடும். உடைந்த பாகத்தை அவரே கடைந்து போடுவார். சில வருஷம் போனால் அந்த மிஷினையே செய்து விற்பார். பட்டம் தராத இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: மிஷின் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும்.

பிறகு காகிதம் கேட்கும் காலம் வந்தது. பஸ் பாடிக்கு ஏஐஎஸ்-052, லாரி கேபினுக்கும் பாடிக்கும் ஏஐஎஸ்-093 என்று வாகனத் தர விதிகள் வந்தன. சமையல் எரிவாயு டேங்கர்கள் நாமக்கல்லுக்கு இன்னொரு பெரிய தொழில். அந்த டேங்கின் வரைபடத்துக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சிமெண்டுத் தரையைப் பெயர்த்து நாக்பூருக்கு அனுப்ப முடியாது. இன்னொரு பக்கம் லேசர் கட்டிங் வந்தது. ஆறு மில்லிமீட்டர் தகட்டில் வளைந்த பிராக்கெட் வெட்ட வேண்டுமென்றால், வெட்டிக் கொடுப்பவர் முதலில் கேட்பது டிஎக்ஸ்எஃப் என்ற கணினி வரைபடக் கோப்பு. மேஸ்திரியின் கை அங்கே செல்லாது. கோப்பு இருந்தால்தான் மிஷின் அசையும்.

ஆகவே பட்டறைக்குள் கணினி வந்தது. கூடவே கிராக் செய்த மென்பொருளும் வந்தது. இதைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசவேண்டும். சிறு பட்டறைகளில், கணினியில் வரைய உதவும் கேட் மென்பொருளை விலை கொடுத்து வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலிடெக்னிக் முடித்த பையன் ஒரு பென்டிரைவோடு வருவான். ஆன்டிவைரஸை நிறுத்துவான், எதையோ ஓட்டுவான், நெட்டைத் துண்டித்துவிட்டுப் போவான். அதன்பின் அந்தக் கணினியை யாரும் இணையத்தில் இணைக்கத் துணிவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. பட்டறைக்காரருக்குப் பிரிவின் எண் தெரியாது. தப்பு என்பது தெரியும்.

இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஜாப் ஒர்க் செய்து வாழும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தோடு அந்த லைசன்ஸின் விலையை வைத்துப் பார்த்தால் காரணம் தானே விளங்கும். ஆனால் விலை கொடுத்து வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் தன் மென்பொருள்களை ஒரேயடியாக விற்பதை நிறுத்தி, வாடகைக்கு மட்டும் விடத் தொடங்கியது. வாடகை நின்றால் திறப்பும் நிற்கும். அதே நிறுவனத்தின் ஃப்யூஷன் 360-ஐச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாக வைத்திருந்தவர்களுக்கு, ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தலாம் என்ற வரம்பு 2020-இல் அறிவிக்கப்பட்டது. வாடகை கேட்பது அவர்கள் உரிமை, வரம்பு வைப்பதும் உரிமை. நான் குறை சொல்லவில்லை. கிராக் போட்டவரும் காசு கட்டியவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். தன் கையால் வரைந்த வரைபடத்தைத் திறக்க இருவருக்கும் இன்னொருவர் தயவு வேண்டும்.

மூலநிரல் திறந்த, இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருள் இந்த இடத்தில்தான் பேச்சுக்குள் வருகிறது. யூர்கன் ரீகல், வெர்னர் மேயர் ஆகியோர் தொடங்கிய இதன் முதல் வெளியீடு 2002-இல் வந்தது. யோரிக் வான் ஆவ்ர் என்ற கட்டடக்கலைஞர் பின்னால் சேர்ந்து அதைப் பெரிதாக்கினார். 1.0 என்று தன்னம்பிக்கையோடு எண் போட்டுக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம்! வியாபாரக் கம்பெனியாக இருந்தால் அதற்குள் மூன்று முறை பெயர் மாறியிருக்கும். அதன் அடிவயிற்றில் கன உருவங்களைக் கணக்கிடும் ஓபன் காஸ்கேட் என்ற நிரல் இருக்கிறது. அதைப் பிரான்சின் மாத்ரா தாத்தாவிசியோன் நிறுவனம் தன் விலையுயர்ந்த கேட் மென்பொருளுக்காக எழுதி, 1999-இல் மூலநிரலைத் திறந்து விட்டது. தகடு எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்க ஃப்ரீகேட் அழைப்பது கால்குலிக்ஸை. மியூனிக்கின் எம்டியூ நிறுவனத்தில் விமான எஞ்சின் செய்யும் பொறியாளர்களான கைடோ டோண்ட், கிளாவுஸ் விட்டிக் இருவரும் எழுதிக் கொடுத்தது அது. மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டத்தில், ஐஎஸ் 800 விதிப்படி இரும்புக் கட்டுமான இணைப்புகளை வடிவமைக்க உருவான ஆஸ்டேக் மென்பொருளும் அதே ஓபன் காஸ்கேடின்மேல்தான் நிற்கிறது. ஒருவர் திறந்து வைத்ததை இன்னொருவர் எடுத்து ஓட்டுவது திருச்செங்கோட்டுக்குப் புதிதல்ல.

லினக்ஸ் என்ற திறந்த இயக்குதளத்தில் ஃப்ரீகேட் ஓடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே கோப்பாக இறக்கி, இயக்க அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் திறந்துகொள்ளும். லைசன்ஸ் எண் கேட்காது. பட்டறையில் தூசியும் வெல்டிங் புகையும் குடித்துக் கிடக்கும் பழைய கணினிகள், புதிய விண்டோஸைத் தாங்க முடியாதவை, லினக்ஸில் இன்னும் சில வருஷம் உழைக்கும். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் வைத்துக் கொடுத்தது. என் கண்ணில் பட்டவரை அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் குறைவு. வாசல் திறந்திருந்தது, உள்ளே போனால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பழைய கதை ஒன்றும் உண்டு. ஆட்டோடெஸ்கின் ஆட்டோகேடே ஒரு காலத்தில் லினக்ஸின் மூத்த உறவான யூனிக்ஸில் ஓடியது, 1990-களின் நடுவில்தான் அதைக் கைவிட்டது. வடிவமைப்பு என்றால் விண்டோஸ் என்பது இடையில் வந்த பழக்கம்.

ஃப்ரீகேடைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. அது முரட்டுப் பிள்ளை. ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பை நேராகத் திறக்காது, இடையில் மாற்றிக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். தகட்டு வேலைக்கான வசதியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான பாகங்களைச் சேர்த்து நிறுத்தினால் மூச்சு வாங்கும். பொத்தான்கள் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு நெடுநாள் ஒரு நோய் இருந்தது. ஒரு கனசதுரம் செய்தால் அதன் முகங்களுக்கு அது ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துக்கொள்ளும். ஆறாவது முகத்தில் நாம் ஓர் ஓட்டை போட்டிருப்போம். ஒரு வாரம் கழித்து வாடிக்கையாளர் வந்து மூலையைக் கொஞ்சம் வெட்டச் சொல்வார். வெட்டியதும் முகங்களின் எண்ணிக்கை மாறும், ஆறாவது ஏழாவதாகிவிடும், ஓட்டை சம்பந்தமில்லாத பக்கத்தில் போய் உட்காரும். சில சமயம் மொத்த உருவமும் சிவப்பாகிச் செத்துக் கிடக்கும். எத்தனையோ பேர் இதனாலேயே ஓடிப் போனார்கள்.

ஆனால் அந்த நோய்க்குப் பெயர் இருந்தது, அது எங்கிருந்து வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரியல்தண்டர் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர், தானாகத் தனிப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அதற்கு மருந்து தேடினார். அந்த மருந்தைத் துண்டு துண்டாக மூல மென்பொருளுக்குள் கொண்டுவரப் பலர் உழைத்தார்கள். 1.0 பதிப்பில் நோய் பெருமளவு அடங்கியது. அந்தப் பதிப்புக்கு நிறையக் கொடுத்த ஆன்ட்செல் என்ற சிறு நிறுவனம் அதே 2024-இல் பணமில்லாமல் மூடப்பட்டது. பாகங்களைச் சேர்க்க அது எழுதிய நிரல் மூடப்படவில்லை, இன்றும் ஃப்ரீகேடுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி போனால் அதன் மிஷினுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் தவித்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தியின் எடை சட்டென்று புரியும்.

இனி வரைதல். சாக்பீஸ் கோட்டிலும் ஆட்டோகேட் போட்ட பழைய வகைக் கோட்டிலும் ஒரு பொதுக் குறை உண்டு. அவை அளவைச் சொல்லும், ஏன் அந்த அளவு என்று சொல்லாது. ஓட்டை விளிம்பிலிருந்து நாற்பது மில்லிமீட்டரில் இருக்கிறது, சரி. தகடு அகலமானால் ஓட்டை விளிம்போடு நகர வேண்டுமா, நடுக்கோட்டோடு நிற்க வேண்டுமா? கோட்டுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். ஃப்ரீகேடின் ஸ்கெட்ச்சில் முதலில் கோணல் மாணலாக ஏதோ ஒரு வடிவத்தைக் கிறுக்கினால் போதும். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு சொல்ல வேண்டும்: இந்தக் கோடு அதற்கு இணை, இந்த இரண்டு ஓட்டையும் ஒரே விட்டம், இது நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமம், இங்கிருந்து அங்கே நாற்பது. இன்னும் எத்தனை விதத்தில் இந்த வடிவம் அசைய முடியும் என்று அது எண்ணிச் சொல்லிக்கொண்டே வரும். அசைவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது கோடுகள் பச்சையாகும்.

இந்த யோசனை ஃப்ரீகேடினுடையது அல்ல. ஐவன் சதர்லேண்ட் 1963-இல் எம்ஐடியில் காட்டிய ஸ்கெட்ச்பேடிலேயே கட்டுப்பாடுகள் உண்டு. 1980-களின் கடைசியில் ப்ரோ-எஞ்சினியர் வந்து, அளவை மாற்றினால் உருவமே மாறும் வழக்கத்தைத் தொழிலுக்குள் நுழைத்தது. விலையுள்ள மென்பொருள்கள் இதை ஃப்ரீகேடைவிட நன்றாகவே செய்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. நான் நின்று பார்ப்பது வேறு இடத்தில். முன்பு கோப்புக்குள் போனது வெறும் கோடு. இப்போது போவது மேஸ்திரியின் காரணங்கள். ஏன் இணை, ஏன் சமம், எதை மாற்றினால் எது கூடவே மாற வேண்டும் என்ற, முப்பது வருஷக் கைப்பழக்கத்தின் சாரம். கோடு பூட்டப்பட்டிருந்தால் டேப்பை இழுத்து மறுபடி அளந்துகொள்ளலாம். காரணம் பூட்டப்பட்டுவிட்டால் எதை இழுத்து அளப்பது?

ஃப்ரீகேடின் கோப்பை நம்பிக்கையில்லாதவர்கள் கழற்றிப் பார்க்கலாம். அதன் பெயரின் முடிவில் எஃப்சிஎஸ்டிடி என்றிருக்கும். அதை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே டாக்குமென்ட் என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு கிடக்கும். சாதாரண எழுத்துப் பலகையில் அதைத் திறக்கலாம். நாம் வைத்த பெயர்களும், கொடுத்த அளவுகளும், எது எதைச் சார்ந்தது என்பதும் எழுத்தாக அங்கே இருக்கும். படிக்க இனிமையானதல்ல, ஆனால் படிக்க முடியும். ஃப்ரீகேடே அழிந்துபோன ஒரு காலத்திலும் பொறுமையுள்ள ஒருவர் அதிலிருந்து பிராக்கெட்டை மீட்டுவிடுவார். கேட் மென்பொருள்கள் எல்லாம் படிக்கும் ஸ்டெப் என்ற பொது வடிவம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஐஎஸ்ஓ 10303 என்ற அந்தத் தரம் உருவத்தைக் கொண்டு போகும். வழக்கமாக அது கட்டுப்பாடுகளை வழியிலேயே உதிர்த்துவிடும். மறுமுனையில் வந்து சேர்வது காரணமில்லாத வெறும் உருவம்.

இவ்வளவு தூரம் வந்தபின், திறந்து வைத்த வரைபடம் என்ன செய்யும் என்பதைக் காட்ட ஓர் அடிபம்பைப் பற்றிப் பேச வேண்டும்.

1960-களின் இறுதியில் வறட்சி வாட்டியபோது, பாறையைத் துளைக்கும் டிடிஹெச் ரிக்குகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கெட்டிப் பாறை நாடான நம் பக்கத்துக்கு அது ஒரு புது யுகம். இன்று திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கவும் ஆப்பிரிக்காவுக்கும் போகும் வண்டிகள் அதே முறையில்தான் துளைக்கின்றன. அன்று துளை போட்ட பின் என்ன ஆயிற்று என்பதுதான் கதை. துளையின்மேல் வார்ப்பிரும்பு அடிபம்பை வைத்தார்கள். ஒரு வீட்டுக்கென்று செய்த பம்பு அது. ஊரே வந்து அடித்ததும் உடைந்தது. 1970-களின் நடுவில் நாட்டில் போட்ட பம்புகளில் பெரும்பகுதி தண்ணீர் தராமல் நின்றன. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷனரிப் பட்டறைகள் எஃகில், சங்கிலி வைத்து, உறுதியான பம்புகளைச் செய்து பார்த்திருந்தன. சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையிலிருந்த மெராடோ ஆய்வு நிலையம், சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை ஆகியவை சேர்ந்து இந்தியா மார்க் 2 என்ற பம்பை உருவாக்கின. கோவைப் பக்கத்து ஆழமான துளைகளில் அதை அடித்துச் சோதித்தார்கள். 1979-இல் ஐஎஸ் 9301 என்ற எண்ணில் இந்தியத் தரமாக வெளிவந்தது.

அதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. அளவும் பொருளும் சகிதம் வரைபடம் பொதுவில் வந்தது. தரச் சோதனைக்கு நின்று கொடுக்கும் எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யலாம். செய்தார்கள். ஒரு தொழிற்சாலையின் கைப்பிடி இன்னொன்றின் தலையில் பொருந்தியது. இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்க நாடுகளிலும் லட்சக்கணக்கில் நின்றது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் ஊர்ப் பொதுக்கிணற்றடியிலும் நீளமான கைப்பிடியோடு நிற்கிறதே, அதே பம்புதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் பெருமையோடு நிறுத்திவிடலாம். மார்க் 2-க்கு ஒரு குறை இருந்தது. கீழே சிலிண்டரில் வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற ஒன்றே கால் அங்குலக் குழாய்களை வரிசையாக மேலே இழுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள், நாலைந்து ஆட்கள், வண்டி என்று ஒரு படையே வெளியூரிலிருந்து வரவேண்டும். வரும்வரை ஊர் காத்திருக்கும். 1980-களில் மறுபடி கோவைப் பக்கமே சோதனைகள் நடந்தன. மார்க் 3 வந்தது. குழாயை இரண்டரை அங்குலமாக்கினார்கள், சிலிண்டரின் மேல்வாயைத் திறந்து விட்டார்கள். குழாய் அப்படியே நிற்க, பிஸ்டனை மட்டும் உள்வழியாக மேலே உருவி எடுக்கலாம். குழாயின் எடையும் விலையும் கூடியது உண்மை. ஆனால் வாஷர் மாற்ற ஊரிலேயே இருக்கும் ஓரிருவர் போதும்.

இந்த இரண்டாவது படியை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் வரைபடம் பம்பைச் செய்பவரைப் பார்த்து வரைந்தது. இரண்டாவது, பம்பு கெட்ட அன்று அதனருகே நிற்கப்போகிறவரைப் பார்த்து வரைந்தது. அவர் பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, அவர் அப்போது பிறந்திருக்கவும் மாட்டார். ஆனாலும் இரண்டரை அங்குலக் குழாய்க்குள் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் வரைபடம் பொதுவில் இருந்ததால்தான் இரண்டாவதை யோசிக்கவே முடிந்தது.

வரைபடத்தைப் படிப்பவர்களில் அதிகாரிக்கு அதனோடு ஒரு நாள் உறவு. வெட்டுபவருக்கும் வெல்டருக்கும் சில வார உறவு. பழுது பார்ப்பவருக்கோ அந்தப் பொருளின் ஆயுள் முழுக்க உறவு. சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டோரம் ரிக் நிற்கிறது, அதன் நெடுங்கம்பமான மாஸ்ட்டைத் தூக்கும் முளையின் புஷ் தேய்ந்து ஆடுகிறது. உள்ளூர் டர்னர் வெர்னியரை வைத்து அளக்கிறார். அவர் அளப்பது தேய்ந்துபோன அளவைத்தான். பிறந்தபோது இருந்த அளவு அந்த இரும்பில் இல்லை. எவ்வளவு இடைவெளி விட வேண்டும், ஏன் கன்மெட்டல், கிரீஸ் பள்ளம் ஏன் முனைவரை போகவில்லை என்பதை உடைந்த பாகம் சொல்லாது. அது செய்தவரின் மனசில் இருந்தது, அவர் பட்டறையின் கணினியில் இருந்தது. பட்டறை மூடியிருக்கலாம். கணினி திறந்தாலும் லைசன்ஸ் முடிந்திருக்கலாம். இதில் ஒரு கொடுமை, பத்து வருஷம் கழித்துப் பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் அதைச் செய்தவரேதான். தன் பழைய கோப்பின் முன் அவரும் அந்நியராக நிற்பார்.

வரைபடத்தைத் திறந்து வைப்பதைத் தாராள மனசு என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அது கடனாகத் தெரிகிறது. பொருளைச் செய்யும் அன்றே அது உடையப்போகும் நாளும் நிச்சயமாகிவிடுகிறது. அந்த நாளில் நிற்பவரிடம் நாம் பட்ட கடன் அது. மென்பொருள் திறந்ததா மூடியதா என்ற சண்டைக்குக் காசைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறதென்றால், இந்தக் கடனை அடைக்க எந்தக் கருவி இடம் கொடுக்கிறது என்பதுதான். கிராக் போட்ட மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, கடனை அடைக்க உதவாது. கழற்ற முடியாத கருவியால் வரைந்து, கழற்றிக் கழற்றியே வளர்ந்த ஓர் ஊர் தன் நினைவை எழுதி வைக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

பட்டறைக்காரர்களிடம் இதைப் பேசினால் பதில் தயாராக இருக்கும். திருச்செங்கோட்டுப் பெரியவர் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வரைஞ்சு வெச்சா அடுத்த பட்டறைக்காரன் எடுத்துக்குவானுங்க தம்பி. அப்புறம் நம்மகிட்ட எதுக்குங்க வருவான்?” நியாயமான பயம். இரண்டு விஷயம் அவரிடம் சொன்னேன். ஃப்ரீகேடின் லைசன்ஸ் அந்த மென்பொருளின் நிரலைத்தான் திறந்து வைக்கச் சொல்கிறது. அதில் வரையும் மாஸ்ட் உங்களுடையது, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, உங்கள் வண்டி வெளியே வந்து ஒரு ராத்திரி ரோட்டோரம் நின்றால் டேப்போடு எவராவது வந்து அளந்துகொண்டு போகத்தான் போகிறார்கள், நீங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தீர்கள். பெரியவர் சிரித்துவிட்டு, “அது வாஸ்தவந்தானுங்க” என்றார். ஆனால் அத்தனை சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. “கெட்டுப் போனா யாருக்குப் போன் பண்றதுங்க?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காசு கட்டிய மென்பொருளுக்குப் போனெடுக்க ஒருவர் இருக்கிறார், சிறு பட்டறையின் அழைப்பை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பார் என்பது வேறு விஷயம். இங்கே இன்னும் ஆள் சேரவில்லை. இந்த வட்டாரத்தில் பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் திறந்த மென்பொருள்களைத் தமிழிலும் சொல்லித் தருகிறது. ஆனால் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்து, டிடபிள்யூஜியை மாற்றிக் கொடுத்து, பழைய கோப்புகளை இந்தப் பக்கம் கொண்டுவரும் பையன்கள் ஊருக்கு நாலு பேர் வேண்டும். அது ஒரு தொழிலாகவே நடக்கலாம்.

அப்படி யாராவது தொடங்கினால் மாஸ்ட்டில் தொடங்க வேண்டாம் என்பேன். பெரிய உருவத்தைக் கையிலெடுத்தால் மென்பொருளின் முரட்டுத்தனம் முதல் வாரத்திலேயே ஆளை விரட்டிவிடும். அடிக்கடி தேயும் புஷ்ஷில் தொடங்கலாம். வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், கிரீஸ் துளை, உள்ளே பள்ளம். ஃப்ரீகேடிலேயே ஒரு அட்டவணைத் தாள் உண்டு. அளவுகளை அதில் எழுதி ஸ்கெட்ச்சை அதனோடு கட்டிவிட்டால், ஒரு கட்டத்தில் 50-ஐ 55 ஆக்கினால் போதும், புஷ்ஷும் மாறும், அதன் வரைதாளும் மாறும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும். அங்கே மேஸ்திரியைக் கேட்டுத் தமிழிலேயே எழுதலாம்: இந்த இடைவெளிக்குக் குறைந்தால் வெயிலில் பிடித்துக்கொள்ளும், பள்ளத்தை முனைவரை இழுத்தால் கிரீஸ் வழிந்துவிடும், முன்பு பித்தளையில் போட்டு ஆறு மாதத்தில் தேய்ந்தது. மேஸ்திரி இதையெல்லாம் யாரும் கேட்டு இதுவரை சொன்னதில்லை. கேட்டால் சொல்வார், நேரம் கொஞ்சம் ஆகும், பக்கத்தில் இன்னொரு டீ சொல்லிவிட வேண்டும்.